மழையில மலையும் ஒரு பயந்தாங்கொள்ளியும்

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான். வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஆறு மாசம் ஆகலை. "மாமா, ஃபிரண்ட்ஸோட மலையேறப் போறோம். மொத தடவை. மழை சீசன்லதான் செமயா இருக்குமாம். நீங்க கூட குரங்கணியில காட்டாத்துல எறங்கினீங்களாமே, அம்மா சொன்னாங்க"ன்னான். குரல்ல அப்படி ஒரு பெருமை.

எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. ஏன்னா அந்தக் கதையை வீட்டுல, கல்யாணப் பந்தியில, ஆபீஸ் கேன்டீன்லன்னு போற இடமெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான்தான். சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனா சொல்லாம விட்டது நிறைய. இன்னைக்கு அதையும் சேர்த்து எழுதிடறேன்.

2006 நவம்பர். சென்னையில பொட்டி தட்டிக்கிட்டிருந்த ஆறு பேர். ஒருத்தனுக்கும் மலைன்னா என்னன்னு தெரியாது. (பரங்கிமலையில ரயில் மாறினதைக் கணக்குல எடுத்துக்கக் கூடாது :-)) ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சுத் தேனி, அங்கேருந்து போடி, அப்புறம் குரங்கணி. அங்கேருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியா டாப் ஸ்டேஷன் ஏறிடணும்னு திட்டம்.

இந்த ஸ்டேஷன் பேரெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு அன்னைக்கு எங்களுக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்துல மூணாறு தேயிலையைக் குட்டி ரயில்ல டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து, அங்கேருந்து ரோப்வேயில கொட்டகுடிக்கு இறக்கி, போடி வழியா தூத்துக்குடி துறைமுகத்துக்கு அனுப்பியிருக்காங்க. அந்த ரயில் என்ன ஆச்சு தெரியுமா? 1924 ஜூலை மழையில மூணாறு பக்கம் வந்த வெள்ளம் பாதையைப் பாலத்தோட அடிச்சுட்டுப் போயிடுச்சு. மறுபடி யாரும் கட்டலை. ஒரு ரயிலையே முடிச்சு வச்ச மழை பெய்யுற மலைத்தொடருக்கு நாங்க ஜீன்ஸ் பேன்ட், கேன்வாஸ் ஷூ, ரெண்டு பாக்கெட் பிஸ்கெட்டோட கிளம்பினோம்.

அடிவாரத்துல டீக்கடைப் பெரியவர் சொன்னார். "தம்பிகளா, இந்த மாசத்துல காலையில பளிச்சுன்னுதான் இருக்கும். மத்தியானத்துக்கு மேல நம்பாதீக. மேக்க கறுத்துச்சுன்னா ஓடையைத் தாண்டாதீக." கூட ஒரு ஆளை அனுப்பறேன்னும் சொன்னார். எதுக்கு வெட்டிச் செலவுன்னு வேணாம்னுட்டோம். இட்லி தின்னு, போட்டோ எடுத்து, ஏற ஆரம்பிக்கும்போதே மணி ஒம்பது தாண்டிடுச்சு.

பத்தரைக்கு ஒரு ஓடையைத் தாண்டினோம். கணுக்கால் தண்ணி. கண்ணாடி மாதிரி தெளிவு. ஷூவைக் கழட்டக்கூட இல்லை.

பன்னண்டு மணிக்கு மேல எங்கேயோ உருமுற சத்தம். நாங்க நின்ன இடத்துல தூறல்தான். எங்க கூட ஒரு திருவாரூர்க்காரன் இருந்தான். ஆத்தங்கரையில பொறந்து வளர்ந்தவன். பக்கத்துல ஓடின வாய்க்காலைக் காட்டி, "டேய், தண்ணி கலங்க ஆரம்பிச்சிருக்கு. மேல பெய்யுதுடா. திரும்பிடலாம்"னான்.

அப்ப நாங்க பண்ணின அலப்பறை இருக்கே... "டெல்டாவுல பொறந்துட்டு தண்ணியைக் கண்டு பயப்படறான் பாரு", "மாப்ளைக்கு அம்மா ஞாபகம் வந்துடுச்சு". எல்லாத்துக்கும் மேல, "பயந்தாங்கொள்ளி"ங்கற பட்டத்தைக் குடுத்தது அடியேன். அவன் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அப்புறம் வாயை மூடிக்கிட்டு எங்க பின்னாடியே வந்தான். அந்த மௌனம் எனக்கு இப்பவும் உறுத்துது.

ஒண்ணரைக்கு மழை பிடிச்சுது. ரெண்டரைக்கு ஈரோட்டுக்காரனுக்கு உடம்பு உதறல் எடுத்துப் பேச்சு குழற ஆரம்பிச்சப்பதான் எங்களுக்குப் புத்தி வந்து திரும்பினோம். நாலு மணிக்கு அதே ஓடைக்கு வந்தா, அது ஓடையா இல்லை. இடுப்பளவு செந்தண்ணி. உள்ள பாறை உருளுற சத்தம் தடதடன்னு கேக்குது.

என் கதையில வழக்கமா வர்ற வீர சாகசம் இங்கதான். "நான் பார்த்துக்கறேன்"னு இறங்கினேன். மூணாவது அடியில காலு தரையில இல்லை. என் பேக் வாரைப் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டது யாருன்னு நினைக்கறீங்க? அந்தப் பயந்தாங்கொள்ளிதான். இழுத்த வேகத்துல வார் அறுந்து பேக் தண்ணியோட போச்சு. ஒரு நொடி முன்னாடி அறுந்திருந்தா நானும் அதோட போயிருப்பேன். இத்தனை வருஷமா இந்த ஒரு வரியைத்தான் நான் யார்கிட்டயும் சொல்லலை.

கொஞ்ச நேரத்துல எஸ்டேட் வேலைக்குப் போன நாலைஞ்சு பேர் வந்தாங்க, யூரியா சாக்கைத் தலையில மாட்டிக்கிட்டு. தண்ணியைப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசாம ஒரு பாறை மறைவுல உக்காந்து வெத்திலை போட ஆரம்பிச்சாங்க. ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "எதுக்குய்யா அவசரம்? வந்த மாதிரியே வடிஞ்சுரும். உக்காருங்க"ன்னாங்க. ஒருத்தர் ஈரோட்டுக்காரனோட ஈரச்சட்டையைக் கழட்டச் சொல்லி, தன்னோட காய்ஞ்ச துண்டைப் போத்திவிட்டார். ரெண்டு மணி நேரத்துல தண்ணி முழங்காலுக்குக் கீழ இறங்கிடுச்சு. அவங்க கையைப் பிடிச்சுத் தாண்டி, அவங்க டார்ச் வெளிச்சத்துல ஊர் வந்து சேர்ந்தோம்.

"உள்ளூர்க்காரங்க தினமும் மழையில போய் வரலையா?"ன்னு கேக்கற ஆசாமிகளுக்கு இதுதான் பதில். போறாங்கய்யா. ஆனா உக்காரவும் தெரிஞ்சு போறாங்க. அவங்கள்ல ஒருத்தர்கூட அன்னைக்குத் தண்ணியில காலை வச்சுப் பார்க்கலை.

இதுல பயம், தைரியம் எல்லாம் கிடையாதுங்க, வெறும் கணக்குதான். ஒரு சதுர கிலோமீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 10 லட்சம் லிட்டர் தண்ணி. மேல அஞ்சு சதுர கிலோமீட்டர்ல ஒரு மணி நேரத்துக்கு 20 மில்லிமீட்டர் கொட்டினா 10 கோடி லிட்டர். பாதியை மண்ணு குடிச்சாலும் மீதி 5 கோடி லிட்டர் நம்ம காலடி ஓடை வழியாத்தான் போயாகணும். நாம நிக்கற இடத்துல வெயில் அடிக்கலாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு. ஜிம்முக்குப் போன உடம்பு, சினிமா ஹீரோ தில்லு எதுவும் அதுக்கிட்ட எடுபடாது.

சரி, இவ்வளவும் தெரிஞ்ச ஒருத்தன் கூடவே இருந்தான். சொல்லவும் சொன்னான். ஏன் கேக்கலை? இதுதான் எனக்குப் பெரிய கோபம், மொதல்ல என் மேலயே. ரொம்ப நாள் கழிச்சுப் பேசும்போதுதான் தெரிஞ்சுது, அன்னைக்கு இன்னும் ரெண்டு பேருக்கும் திரும்பணும்னுதான் இருந்திருக்கு. கிண்டலுக்குப் பயந்து பேசலை. ஆக ஆறுல மூணு பேருக்கு மழையைவிட எங்க வாயைப் பார்த்துத்தான் பயம். நண்பர்கள் கூட்டத்துல தலைவன்னு யாரும் இல்லை, ஆனா கலாய்க்க மட்டும் எல்லாரும் தலைவர்கள். வெளியே "நட்புன்னா உயிரையே குடுப்போம்"னு வசனம் வேற. உயிரெல்லாம் எதுக்குடா, ஒருத்தன் பயமா இருக்குன்னு சொன்னா அரை நிமிஷம் சிரிக்காம கேளுங்க, போதும்.

"அதான் இப்ப அனுமதி, வழிகாட்டி எல்லாம் இருக்கே"ன்னு அக்கா பையன் சொல்றான். இருக்கு. எப்படி வந்துச்சு? 2018 மார்ச் 11-ந் தேதி இதே குரங்கணி மலையில காட்டுத்தீ. மலையேறப் போன 20 பேருக்கும் மேல செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் அரசு மலையேற்றத்துக்குன்னு தனியா விதிமுறை கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைப் பயிற்சி எடுத்த உள்ளூர் வழிகாட்டிகளோட திறந்தாங்க. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லலை. ஆனா வழிகாட்டி "போதும் சார், திரும்பலாம்"னு சொல்லும்போது, "அண்ணே, இவ்ளோ தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்"னு கெஞ்சறதும், நூறு ரூபாயை நீட்டறதும் யாரு? நாமதான். தீயில ஒரு தடவை பாடம் படிச்சாச்சு. தண்ணியிலயும் அதே விலை குடுத்துத்தான் படிக்கணுமா?

மலைக்கே போகாதேன்னு நான் சொல்லலை. மழை முடிஞ்ச மறுநாள் காலையில அந்த மலை இருக்கற அழகைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். அக்கா பையன்கிட்ட மூணே விஷயம்தான் சொன்னேன். விடியும்போதே ஏற ஆரம்பி. மேல போய்ச் சேர்ந்தாலும் சேராட்டியும் எத்தனை மணிக்குத் திரும்பறதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோ. உங்கள்ல யாராவது ஒருத்தன் திரும்பலாம்னு சொன்னா, ஓட்டெடுப்பு கிடையாது, காரணம் கேக்கறது கிடையாது, எல்லாரும் திரும்பணும். அப்புறம் அவனைக் கிண்டல் பண்றதும் கிடையாது. ஊருக்கு வந்தப்புறமும்.

"அந்த ஒருத்தன் நானா இருந்தா?"ன்னு கேட்டான்.

"அப்ப நீதான்டா மொதல்ல சொல்லணும்"னேன்.

போனை வச்சுட்டு திருவாரூர்க்காரனுக்குப் பேசினேன். விஷயத்தைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதை விடுடா. அந்த பேக்ல என் கேமராவும் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"ன்னான்.

அவ்வ்வ்வ்...

டிஸ்கி: அட்டைக்கடியைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேன்னு தேடாதீங்க. கடிச்சுது, ரத்தம் வந்துச்சு, உப்பைத் தடவினோம், விழுந்துடுச்சு. மழைக்கால மலைன்னாலே எல்லாரும் அட்டையைப் பத்தித்தான் பக்கம் பக்கமா எழுதறாங்க. அட்டை யாரையும் அடிச்சுட்டுப் போகாதுங்க.