முதலில் அறையைக் கேளுங்கள்!

முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடிய இடம் நம் தணிகை மலை என்பர். அவர் பாடல்களுக்கு ஏடு உண்டு. மாணவர் பரம்பரை உண்டு. ஆனால் ஆடிக் கிருத்திகைதோறும் காவடி தோளிலேந்தி 365 படிகளும் பாடிக்கொண்டே ஏறிய என் தாத்தாவின் பாடல்களுக்கு என்ன உண்டு? 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்தினின்று சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் இது. அவர் பாட்டிலும் ஓரடி தமிழாக வரும்; மறு அடி தெலுங்காக வரும். அவர் தொண்டைதான் அவற்றுக்கு ஏடு.

அதைப் பதிந்து வைக்க விரும்பினேன். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் நல்ல மைக் ஒன்றும், மானிட்டர் ஒலிபெருக்கிகள் இரண்டும் வாங்கினேன். எங்கள் வீட்டுப் பின்னறை பத்துக்குப் பத்து; உயரமும் பத்தடி. சிமெண்டுத் தரை, வெற்றுச் சுவர். தாத்தா பாடினார், மாமா பம்பை அடித்தார். பிறகு அறையின் நடுவில் அமர்ந்து கேட்டேன். அடிநாதம் போதவில்லை என்று தோன்றவே, கணினியில் கூட்டினேன்.

சென்ற ஆண்டு தாத்தா மறைந்தார். பதினாறாம் நாள் பந்தலில் அப்பதிவைப் போட்டேன். எங்கும் ஒரே முழக்கம். சொற்களோ சேற்றில் விழுந்த நெல்லாயின. பாட்டி என்னை அருகழைத்து, "கொரலு அவருதுதான் நைனா, பாட்டு எங்கே?" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் உண்மை விளங்கிற்று. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. பத்தடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே, நொடிக்குச் சுமார் 56 அதிர்வுகள் கொண்ட ஒலி தன் எதிரொலியோடு கலந்து நிலைத்துவிடுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாயின் கேட்கவும் வேண்டுமோ? மூன்றும் ஒரே சுருதியில் சேர்ந்துகொள்ளும். அம்முழக்கம் மூலைகளில் பெருகும். நட்ட நடுவில் மங்கும். நடுவிலிருந்து கேட்ட நான், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துவிட்டேன்! வெற்றுச் சுவர்களின் எதிரொலியோ, ஒரு சொல் முடியுமுன் அடுத்த சொல்லின்மேல் விழுந்து இரண்டையும் கெடுத்தது.

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் இதே தொல்லை. ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேச்சு மாணவர்க்கு விளங்கவில்லை. ஓர் ஒலி அடங்க ஐந்தரை நொடியாயிற்று! வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து அடுக்கினார். ஆர்கன் குழலை ஒலித்து, அது அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. கட்டட ஒலியியல் என்னும் துறையே இவ்வாறு மெத்தையில் பிறந்ததுதான்.

எனவே, நண்பர்களே, என் கருத்து இதுதான்: கருவிக்கு முன் அறையைக் கவனியுங்கள். விலையுயர்ந்த மைக் வாங்கினால் போதும் என்பார் சிலர். அது அறையின் குற்றத்தை இன்னும் தெளிவாகப் பதியும், அவ்வளவே. ஹெட்போனில் கேட்டுத் திருத்தலாம் என்பார் சிலர். பதிவில் ஏறிவிட்ட எதிரொலியை ஹெட்போன் எவ்வாறு இறக்கும்? முட்டை அட்டை ஒட்டுவோரும் உண்டு. அது மேல் சுருதிகளைச் சிறிது குறைக்கும். அடி முழக்கத்தையோ திருப்பதிச் சாலை லாரியின் ஹாரனையோ தடுக்காது.

செய்யத்தக்கது கடினமன்று. இரு மானிட்டர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். கீச்சுக் குரல் தரும் சிறு கூம்பு காது மட்டத்தில் இருக்கட்டும். மூலையில் வைக்காதீர்கள், நட்ட நடுவில் அமராதீர்கள். நண்பர் ஒருவர் பக்கச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தட்டும். எங்கே மானிட்டர் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதோ, அங்கே ஒலியும் பட்டுத் திரும்பும். அவ்விடத்தில் நாலங்குலக் கனத்தில் ராக்வுல் பலகையைத் துணி போர்த்தி மாட்டுங்கள். பணமில்லையேல் இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்துங்கள். மூலைகளுக்கு இன்னும் கனம் வேண்டும்.

மானிட்டர் இனிமை கூட்டுவதற்கன்று. இடித்துரைக்கும் நண்பனைப் போன்றது. 1978இல் வீடுகளுக்கென வந்த யமஹா என்எஸ்-10, பதிவின் குறைகளை மறைக்காமல் காட்டியதாலேயே உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம் பிடித்தது. ஆனால் நண்பன் சொல்வதை அறை திரித்துவிட்டால் என் செய்வது?

வீட்டில் நல்ல பதிவு இயலுமா என ஐயுறுவோர் கோடம்பாக்கத்தைப் பார்க்கட்டும். ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டோடு அமைத்த பஞ்சதன் கூடத்தில் உருவானதே 1992இன் 'ரோஜா'.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் கல்லூரியில் ஓர் அறையைத் திரையும் மெத்தையும் இட்டுத் தந்தால், ஊர்ப் பெரியவர்களை அழைத்து வந்து பாடச் செய்து பதிவோம். கருவிகளை மாணவர் நாங்கள் கொணர்வோம்.

என் பாட்டிக்கு இன்னும் நான்கு பாடல்கள் நினைவிருக்கின்றன. அடுத்த ஆடிக் கிருத்திகைக்குள் அவற்றைப் பதிய வேண்டும். இம்முறை மெத்தையைச் சுவரில் சாத்திய பிறகே மைக்கைத் தொடுவேன்.