மீளும் வழியற்ற வேடம்: ‘பிளாக் ஸ்வான்’ திரைப்படமும் சேலம், நாமக்கல் நிகழ்த்து மரபும்

டேரன் அரோனாஃப்ஸ்கி இயக்கிய ‘பிளாக் ஸ்வான்’ (2010), பாலே நடனக் கலைஞர் நினாவின் மனச்சிதைவைச் சித்திரிக்கும் படமாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்புப் பிழையன்று, ஆயின் முழுமையுமன்று. வேடம் புனைபவரின் ‘தான்’ எங்குச் செல்கிறது, எவ்வாறு மீள்கிறது என்பதே படத்தின் அடிப்படை வினா. அவ்வினா தமிழ் நிகழ்த்துகலை மரபுக்குப் புதிதன்று.

சைக்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ (1877) நாட்டிய நாடகத்தில் வெள்ளை அன்னமான ஒடெட்டையும் அவள் சாயலில் வந்து வஞ்சிக்கும் ஒடைலையும் ஒருவரே ஆடுவது வழக்கம். முன்னதைப் பிழையின்றி ஆடும் நினாவுக்குப் பின்னது வசப்படவில்லை. சக கலைஞர் லில்லியிடம் தன் மறுபாதியைக் காண்கிறாள். எங்கும் நிறைந்த கண்ணாடிகளில் அவள் பிம்பம் அவளிலிருந்து பிரிந்து தனித்து அசைகிறது. பொம்மைகள் நிறைந்த படுக்கையறை, தாய் வளரவிடாத குழந்தைமையின் குறியீடு. தோளில் தோன்றிய கீறல் இறுதியில் சிறகாக முளைக்கிறது. அகத்தில் எழுவது உடலில் வெளிப்படுதலே மெய்ப்பாடு எனின், அச்சிறகு அதன் எல்லைநிலை எனலாம்.

இரட்டைமையைச் சேலம் இரு வகையில் கையாண்டுள்ளது. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திரன்’ (1940) பி. யு. சின்னப்பாவை இரட்டையராகக் காட்டியது. அங்கு நன்மையும் தீமையும் வெவ்வேறு உடல்கள். ஒன்றை வென்று மற்றொன்றை நிலைநிறுத்த இயலும். இப்பகுதியின் தெருக்கூத்திலோ இரண்டும் ஓருடலில் நிகழ்கின்றன. வேடதாரிக்கு அருள் வருவதை ஊர் நோயாகக் கருதுவதில்லை. திரைப்பிரவேசம் அவரை வேடத்திற்குள் அனுப்புகிறது. திருநீறும் மங்களமும் மீட்டுக்கொள்கின்றன. கட்டியங்காரனின் நகை, வேடம் வேடமே என்பதை இடையிடையே நினைவூட்டுகிறது.

நினாவுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இயக்குநர் தாமஸ் அவளைக் கருப்பு அன்னத்திற்குள் தள்ளுகிறார், மீட்பார் எவருமிலர். லில்லியைக் குத்தியதாக நம்பிய கண்ணாடித் துண்டு தன் வயிற்றிலேயே பாய்ந்திருப்பதை அவள் பின்னரே உணர்கிறாள். அரங்கம் கைதட்டும்போது அவள் குருதி வடியக் கிடக்கிறாள்.

இதனால் கூத்துக் கலைஞரின் வறுமையும் உடல்நோவும் பொய்யாகிவிடா. மரபைப் புகழ்ந்து அவற்றை மறைப்பது ஆய்வாகாது. எனினும், நினாவின் வீழ்ச்சியைத் தனிமனித நோயாக மட்டும் சுருக்கும் திறனாய்வு, அவளைத் தனித்துவிட்ட அரங்க அமைப்பை வினவாது விடுகிறது. அவ்வினாவை எழுப்பும் கருவி கூத்துக்களரியில் உள்ளது. தமிழ்த் திரை ஆய்வு அதனைக் கையிலெடுத்தல் வேண்டும்.