10 கோடி டாலர், இன்சூரன்ஸ் இல்லாத முழங்கால்: நிக்ஸ் யாரை எடுத்திருக்கணும்?

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்கு எதுக்கு பாஸ்கெட்பால்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. கையில அளவான பணம், கடையில நாலஞ்சு நல்ல சரக்கு, முடிவெடுக்க ஒரே வாரம், எடுத்த முடிவை அஞ்சு வருஷத்துக்கு மாத்த முடியாது. இந்த நிலைமையில நம்மில் பலர் வீடு வாங்கியிருக்கோம், கார் வாங்கியிருக்கோம். 2010 ஜூலையில் நியூயார்க் நிக்ஸ் டீம் ஒரு ஃபார்வர்டை வாங்கியது. அந்த டீல் சரியா தப்பான்னு பாஸ்கெட்பால் ரசிகர்கள் இன்னும் சண்டை போடுறாங்க. நான் அதை ஒரு ஃபைனான்ஸ் கேள்வியா பார்க்கிறேன். என் தீர்ப்பு என்னன்னு ஒளிக்காம சொல்லிடறேன். நிக்ஸ் அந்த ஆளை அந்த நிபந்தனையில் எடுத்திருக்கக் கூடாது.

பாஸ்கெட்பால் தெரியாதவங்களுக்கு ரெண்டு விஷயம் மட்டும். அமெரிக்காவின் என்பிஏ லீக்ல 'சேலரி கேப்'னு ஒண்ணு உண்டு. ஒரு டீம் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு. 2010-11 சீசனில் அது சுமார் 5.80 கோடி டாலர். வரம்பைத் தாண்ட சில வழிகள் இருந்தாலும், வெளியிலிருந்து பெரிய வீரரைப் புதுசா எடுக்கணும்னா வரம்புக்குள்ள இடம் காலியா இருக்கணும். ரெண்டாவது, உத்தரவாதம் கொடுத்த ஒப்பந்தம்னா வீரர் காயம்பட்டு உட்கார்ந்தாலும் சம்பளம் போய்க்கிட்டே இருக்கும். கிட்டத்தட்ட நம்ம ஹோம் லோன் மாதிரி. வீடு ஒழுகினாலும் இஎம்ஐ நிக்காது.

பணம் சேர்த்த கதை

2008-ல் டானி வால்ஷ் நிக்ஸ் நிர்வாகத்துக்குத் தலைவரா வந்தார். பழைய தவறான ஒப்பந்தங்களால் டீம் கழுத்தளவு கடன்ல இருந்த மாதிரி நிலைமை. அவர் போட்ட திட்டம் எளிமையானது. 2010 கோடையில் லெப்ரான் ஜேம்ஸ் ஒப்பந்தம் முடிஞ்சு வெளியே வர்றார். அதுக்குள்ள கஜானாவைக் காலி பண்ணி வைக்கணும். 2008 நவம்பரில் ஜமால் கிராஃபோர்ட், ஜாக் ராண்டால்ஃப் ரெண்டு பேரையும் ஒரே நாளில் வேற டீம்களுக்கு அனுப்பினார். 2010 பிப்ரவரியில் ஜாரெட் ஜெஃப்ரிஸின் சம்பளச் சுமையைத் தள்ளிவிடுறதுக்காக, முந்தின வருஷம்தான் 8-வது இடத்தில் தேர்ந்தெடுத்த ஜோர்டான் ஹில்லையும், 2012-ன் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்தார். இதுக்கு நடுவுல டீம் ரெண்டு சீசன் தோத்துக்கிட்டே இருந்தது. 32 வெற்றி, அப்புறம் 29 வெற்றி.

இப்படி ரெண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்துக்கு ஒரு குணம் உண்டு. அது பாக்கெட்டில் இருக்க விடாது. "இவ்வளவு கஷ்டப்பட்டோம், வெறுங்கையோட திரும்பக் கூடாது"ங்கற எண்ணம் வந்துடும். ஊர்ல நிலம் வித்த பணம் பேங்க்ல விழுந்த அடுத்த மாசமே ஏதோ ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. அந்த மனநிலைதான்.

கடையில் யார் யார் இருந்தாங்க?

அந்தக் கோடையில் ஃபார்வர்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. 25 வயது லெப்ரான். டொரன்டோவின் கிறிஸ் பாஷ், சராசரி 24 புள்ளிகள். யூட்டாவின் கார்லோஸ் பூசர், 28 வயது. டல்லாஸின் டிர்க் நோவிட்ஸ்கி. ஃபீனிக்ஸின் அமாரே ஸ்டாடமையர், 27 வயது, சராசரி 23.1 புள்ளிகள். அப்புறம் நிக்ஸின் சொந்தப் பையன் டேவிட் லீ. 2005-ல் 30-வது இடத்தில் எடுக்கப்பட்டவர்; 2010-ல் ஆல் ஸ்டார், சராசரி 20.2 புள்ளிகள், 11.7 ரீபவுண்டுகள்.

நோவிட்ஸ்கி டீம் மாறவே இல்லை. கிடைக்கக்கூடியதைவிட சுமார் 1.6 கோடி டாலர் குறைச்சு வாங்கிக்கிட்டு 4 வருஷம், 8 கோடி டாலருக்கு டல்லாஸிலேயே இருந்துட்டார். லெப்ரான், பாஷ் ரெண்டு பேரும் மயாமிக்குப் போனாங்க. ஆனா லெப்ரான் டிவியில் அதை அறிவிச்சது ஜூலை 8. அதுக்கு மூணு நாள் முன்னாடியே, ஜூலை 5-ம் தேதி, நிக்ஸ் ஸ்டாடமையரோட கை குலுக்கிடுச்சு. 5 வருஷம், 9.97 கோடி டாலர். பேச்சுவழக்குல 10 கோடி.

அன்னைக்கே மேசையில் இருந்த மூணு தகவல்

"நடந்து முடிஞ்சப்புறம் யார் வேணாலும் பேசலாம்"னு நீங்க சொல்லலாம். நியாயம். அதனால 2010 ஜூலைக்கு அப்புறம் நடந்த எதையும் எடுக்காம, அன்னைக்கே எல்லாருக்கும் தெரிஞ்ச மூணு விஷயத்தை மட்டும் வெச்சுப் பார்ப்போம்.

ஒண்ணு, 2005-ல் அவருக்கு முழங்காலில் மைக்ரோஃபிராக்சர் சர்ஜரி. எலும்பில் சின்னச் சின்னத் துளை போட்டு, தேய்ஞ்ச குருத்தெலும்பு இருந்த இடத்தில் புது திசு வளர வைக்கிற சிகிச்சை. எகிறிக் குதிச்சே பேர் வாங்கின வீரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2009-ல் கண்ணில் விழித்திரை விலகி இன்னொரு சர்ஜரியும் நடந்தது.

ரெண்டு, எட்டு வருஷம் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்த ஃபீனிக்ஸ் டீம், அஞ்சு வருஷத்துக்கும் முழு உத்தரவாதம் தரத் தயாரா இல்லை. பழைய வண்டியை வாங்கும்போது, அதை ஓட்டினவரே "மூணு வருஷத்துக்கு மேல நான் பொறுப்பு இல்லை"ன்னா என்ன அர்த்தம்?

மூணு, இதுதான் என் கணக்குல பெருசு. என்பிஏ டீம்கள் பெரிய ஒப்பந்தங்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கும். வீரர் நீண்ட நாள் காயத்தில் இருந்தா, சம்பளத்தில் ஒரு பங்கை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். ஸ்டாடமையர் முழங்காலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கலை. ரிஸ்க்கை எடை போட்டு விலை வைக்கிறதையே தொழிலா வெச்சிருக்கிறவன் "எனக்கு வேண்டாம்"னு கையை எடுத்துட்டான். அப்போ அந்த ரிஸ்க் காணாமப் போகலை. மொத்தமா நிக்ஸ் தலையில் உட்கார்ந்தது.

இதை நம்ம வாழ்க்கைக்குக் கொண்டு வாங்க. ஒரு ஃபிளாட்டுக்கு மூணு பேங்க் லோன் தர மறுத்தா, நாலாவதா ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியைத் தேடி ஓடுறதுக்கு முன்னாடி, அந்த மூணு பேரும் டாக்குமென்ட்ல என்ன பார்த்தாங்கன்னு கேக்கணும். மறுப்புங்கறது இலவசமா கிடைக்கிற தகவல்.

முதல் வருஷம் ஏமாத்தும்

இப்போ நடந்ததைப் பார்ப்போம். 2010-11-ல் ஸ்டாடமையர் பட்டையைக் கிளப்பினார். 78 ஆட்டம், சராசரி 25.3 புள்ளிகள். தொடர்ந்து 9 ஆட்டங்களில் 30 புள்ளிக்கு மேல் எடுத்து டீம் சாதனை. 2004-க்கு அப்புறம் முதல் முறையா நிக்ஸ் பிளேஆஃப் போனது. அந்த வருஷம் யாராவது இந்த டீலைக் குறை சொல்லியிருந்தா கல்லெறிஞ்சிருப்பாங்க.

அடுத்த வருஷம் 47 ஆட்டம், 17.5 புள்ளிகள். அதுக்கடுத்து 29 ஆட்டம், 14.2 புள்ளிகள். நாலாவது வருஷம் 65 ஆட்டம், 11.9 புள்ளிகள். அஞ்சாவது வருஷம் 36 ஆட்டத்தோட, 2015 பிப்ரவரியில் மீதியைப் பேசி முடிச்சு அனுப்பிட்டாங்க. அஞ்சு சீசனில் டீம் ஆடிய 394 ஆட்டங்களில் அவர் ஆடினது 255.

சம்பளம் எதிர்த்திசையில் போச்சு. முதல் வருஷம் சுமார் 1.65 கோடி டாலர், அன்றைய கேப்பில் 28 சதவீதம். கடைசி வருஷம் சுமார் 2.34 கோடி டாலர், அன்றைய கேப்பில் 37 சதவீதம். பொருளோட மதிப்பு கீழே, தவணை மேலே. ஸ்டெப்-அப் இஎம்ஐ போட்டு கார் வாங்கின மாதிரி.

மத்த சரக்குகள் மட்டும் தேறுச்சா?

பூசர் சிகாகோவுக்குப் போனார், அதுவும் 5 வருஷம். ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போதே 2014-ல் சிகாகோ அவரைச் சம்பளத்தோட வெளியே அனுப்பிடுச்சு. அதனால "பூசரை எடுத்திருக்கலாம்"னு சொல்றவங்களோட நான் சேரமாட்டேன்.

டேவிட் லீ கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். 6 வருஷம், சுமார் 8 கோடி டாலர். அதாவது வருஷத்துக்கு சராசரி 1.33 கோடி; ஸ்டாடமையருக்கு கிட்டத்தட்ட 2 கோடி. லீ தடுப்பாட்டத்தில் சுமார்தான், அதை மறைக்க வேண்டாம். அஞ்சாவது வருஷத்துல அவரும் பெஞ்சுக்குப் போயிட்டார். ஆனா 2013-ல் மறுபடி ஆல் ஸ்டார் ஆனார். 2015-ல் அவரை இன்னொரு டீமுக்கு மாத்திவிடவும் முடிஞ்சது. இந்தக் கடைசி விஷயத்தை கவனிங்க. மறுபடி விற்க முடியுற சொத்துக்கும் விற்கவே முடியாத சொத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு.

அதனால என் தீர்ப்பு இதுதான். ஸ்டாடமையருக்கு மூணு வருஷ உத்தரவாதம் மட்டும் கொடுத்துப் பேசிப் பார்க்கணும். வருஷச் சம்பளம் கூட கொஞ்சம் அதிகமா இருக்கட்டும், பரவாயில்லை. ஒத்துக்கலைன்னா எழுந்து வந்துடணும். லீயைக் கையில் வெச்சுக்கிட்டு, மீதி இடத்தைக் காலியாவே விட்டிருக்கணும்.

"காலியா விட்டா ரசிகர்கள் சும்மா இருப்பாங்களா?" இருக்க மாட்டாங்க. நியூயார்க் பேப்பர்கள் கிழிச்சு எடுத்திருக்கும். ஆனா அடுத்த கோடையிலேயே இன்னொரு பெரிய ஃபார்வர்ட் சந்தைக்கு வர வேண்டியிருந்தது. புரூக்ளினில் பிறந்த கார்மெலோ ஆன்டனி.

ரெண்டாவது பெரிய செலவு

அந்த கார்மெலோவுக்காக நிக்ஸ் காத்திருக்கலை. 2011 பிப்ரவரியில் கேலினாரி, வில்சன் சாண்ட்லர், ஃபெல்டன், மோஸ்கோவ்னு ஒரு பாதி டீமையும், 2014 முதல் சுற்று உரிமையையும் டென்வருக்குக் கொடுத்து வாங்குச்சு. டீலுக்கு முன்னாடி நிக்ஸ் 28 வெற்றி 26 தோல்வி. அப்புறம் 14 வெற்றி 14 தோல்வி. நட்சத்திரத்தை வித்த டென்வர் அதுக்கப்புறம் 18 வெற்றி 7 தோல்வி!

காத்திருந்தா கார்மெலோ வேற டீமுக்குப் போயிருக்கலாம்ங்கற பயம் நிஜம்தான். ஆனா முதல் 10 கோடி ஏற்கெனவே ஒரு முழங்காலில் மாட்டிக்கிட்டதால, ரெண்டாவது டீலில் பொறுமையா பேரம் பேச நிக்ஸுக்கு இடமே இல்லை. அதுமட்டுமில்லாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆட்டக்காரங்க. ரெண்டு பேருக்கும் பந்து கையில் வேணும், ரெண்டு பேரும் புள்ளி எடுக்கிறவங்க. ஒரே பங்குகளை வெச்சிருக்கிற ரெண்டு லார்ஜ் கேப் ஃபண்டை வாங்கிட்டு "டைவர்சிஃபை பண்ணிட்டேன்"னு நிம்மதியா இருக்கிற மாதிரி.

இதுக்கு மேல ஒண்ணு. 2011 டிசம்பரில் புது விதி வந்தது. ஒவ்வொரு டீமும் ஒரே ஒரு தடவை, ஒரு ஒப்பந்தத்தை கேப் கணக்கிலிருந்து நீக்கிக்கலாம். சம்பளம் கொடுக்கணும், ஆனா இடம் காலியாகும். நிக்ஸ் அதை சான்சி பில்லப்ஸ் மேல பயன்படுத்தி, அந்த இடத்தில் டைசன் சாண்ட்லரைக் கொண்டு வந்தது. பில்லப்ஸ் ஒப்பந்தம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வருஷம். ஸ்டாடமையர் ஒப்பந்தத்தில் இன்னும் நாலு வருஷம். சாண்ட்லர் அந்த சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார், 2012-13-ல் டீம் 54 ஆட்டம் ஜெயிச்சது. அதனால செலவு வீண்னு சொல்ல மாட்டேன். ஆனா எமர்ஜென்சி ஃபண்டை சின்னக் கடனுக்குக் கரைச்சுட்டு, பெரிய கடனை மூணு வருஷம் சுமந்தாங்க. 2013-14-ல் 37 வெற்றிக்கு இறங்கிட்டாங்க.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வார்த்தை

"ஸ்டாடமையர் வந்ததாலதான் மத்தவங்க நியூயார்க்கைத் திரும்பிப் பார்த்தாங்க. அந்த 10 கோடி நம்பிக்கையின் விலை" என்பது நல்ல வாதம். பத்து வருஷம் தோத்த ஊருக்கு ஒரு சந்தோஷமான குளிர்காலம் கிடைச்சது. அதுக்கு மதிப்பு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். குடும்பத்துக்கும் அப்படித்தான், எல்லாத்தையும் எக்செல் ஷீட்டில் பார்க்க முடியாது.

ஆனா ஒரு வருஷ சந்தோஷத்துக்கு ஒரு வருஷ விலை கொடுங்க. அதுக்காக அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்காதீங்க. ஆள் நல்லவரா, திறமைசாலியாங்கற கேள்விக்கு அன்னைக்கு எல்லாருமே ஆமான்னுதான் சொல்லியிருப்பாங்க. எத்தனை வருஷம், யார் உத்தரவாதம், கெட்டுப் போனா யார் தலையில் விழும், நடுவுல வெளியே வர வழி உண்டாங்கற நாலு கேள்விக்குத்தான் பதில் இல்லாம இருந்தது.

நீங்க அடுத்து கையெழுத்துப் போடப் போற பேப்பர் எதுவா இருந்தாலும், வீடோ, காரோ, யூலிப் பாலிசியோ, இந்த நாலு கேள்வியை பேனா எடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டுப் பாருங்க. அப்புறம், நிக்ஸ் இடத்தில் நீங்க இருந்தா யாரை எடுத்திருப்பீங்க? லீயா, ஸ்டாடமையரா, இல்லை ஒரு வருஷம் பொறுத்து கார்மெலோவா? எழுதுங்க. என்னோட மோதுற நல்ல வாதம் வந்தா, அதை வெச்சே அடுத்த வீடியோல பேசலாம்.