மாயாவிக்கு யார் முகம்?

சின்ன வயசில் எங்க வீட்டில் கரண்ட் போனால் அப்பா ஒரே வசனம்தான் சொல்வார். "இன்னிக்கு மாயாவிக்கு லீவுடா!" இரும்புக்கை மாயாவி உடம்பில் மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவார். அதுவும் முழுசாக இல்லை, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். திண்டிவனத்தில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் இருந்த அந்த வருஷங்களில் அவருக்குப் பிழைப்பே ஓடியிருக்காது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1962ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் லூயிஸ் கிராண்டேல் என்ற பெயரில் பிறந்தவர் இவர். 1972ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இவர் கதைதான். அதற்கப்புறம் அவர் வெளிநாட்டுக்காரர் என்பதே நிறைய பேருக்கு மறந்துபோச்சு.

'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் படம் எடுக்கும் ஆசையை லோகேஷ் கனகராஜ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு கிளாஸில் ஒருத்தன், "மச்சி, உங்க ஆளு படத்துல வர்றாராம்டா" என்றான். எனக்கு சந்தோஷம் பாதி, வயிற்றைக் கலக்கியது பாதி.

கலக்கியதற்குக் காரணம் இருக்கு. லயன் காமிக்ஸ் வாசகர்கள் 'இளவரசி' என்று கொண்டாடும் மாடஸ்டி பிளைசிக்கு 1966ல் ஒரு படம் எடுத்தார்கள். அவளைப் படைத்த பீட்டர் ஓ'டானலே திரைக்கதை எழுதிக் கொடுத்தார். அதை மற்றவர்கள் மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் கேலிக்கூத்து மாதிரி ஒன்று வந்தது. நம்ம டெக்ஸ் வில்லருக்கு 1985ல் இத்தாலியில் எடுத்த படம் ஒன்றோடு நின்றுபோச்சு. புத்தகத்தில் அவர் இன்றும் குதிரையில் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

அதுக்காகப் படமே கூடாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. 'பொன்னியின் செல்வன்' காமிக்ஸ் இல்லைதான். ஆனால் கல்கியின் எழுத்துக்கு மணியம் வரைந்த முகங்களைத்தான் மூன்று தலைமுறை மனசில் வைத்திருந்தது. 2022ல் படம் வந்தது. படம் பார்த்துவிட்டு நாவலை வாங்கியவர்கள் என் கிளாஸிலேயே 4 பேர். நல்ல விஷயம்தான். ஆனால் அவர்கள் படிக்கும்போது வந்தியத்தேவனாக வருவது கார்த்தி. மணியத்தின் வந்தியத்தேவன் அவர்களுக்கு இனி கிடைக்கவே மாட்டான். லாபமும் நஷ்டமும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டிய கணக்கு இது.

கணக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருது. பி.காம் படிக்கிறவர்களுக்கு 'குட்வில்' தெரியும். ஒரு கடை தானாகச் சம்பாதித்த நல்ல பெயர் பேலன்ஸ் ஷீட்டில் வராது. யாராவது காசு கொடுத்து அந்தக் கடையை வாங்கும்போதுதான் அதற்கு ஒரு தொகை எழுதுவார்கள். மாயாவியின் குட்வில் 50 வருஷமாக ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடைகளிலும் பழைய பேப்பர் கடைகளிலும் சேர்ந்தது. படம் எடுப்பவர் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு சரக்கை மாற்றினால் ரசிகனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். சிம்புதேவனின்  'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) யாருடைய ஹீரோவையும் எடுத்துக்கொள்ளவில்லை. கௌபாய் காமிக்ஸின் வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டது. அதனால்தானோ என்னவோ, நாங்கள் அதை நிம்மதியாகப் பார்த்துச் சிரித்தோம்.

இவ்வளவு வியாக்கியானமும் பேசிவிட்டு ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் படம் வேண்டும்.

2024 ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அப்பா முதலில் பரணில் ஏற்றியது ரேஷன் கார்டை இல்லை, காமிக்ஸ் இருந்த டிரங்குப் பெட்டியை. அம்மா இன்றும் அதைச் சொல்லித் திட்டுவார். ஒரு இதழ்கூட நனையவில்லை. ஆனால் அப்பாவின் கண்ணைச் சர்க்கரை பிடித்துவிட்டது. லேசர் வைத்த பிறகும் பலூனுக்குள் இருக்கும் பொடி எழுத்து தெரிவதில்லை. "நான் படிச்சுக் காட்டவாப்பா?" என்றால், "படம் தெரியாம கதை மட்டும் எதுக்குடா?" என்கிறார். தியேட்டர் திரை மட்டும் அவருக்கு இன்னும் தெரிகிறது.

அதனால் படம் எடுக்க நினைக்கும் யாருக்கும் என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஹீரோவாக யார் வேண்டுமானாலும் நடிக்கட்டும், பாட்டு வையுங்கள், கதையைச் சென்னைக்குக்கூட மாற்றுங்கள். மின்சாரம் இல்லாமல் மாயாவியை மறைய வைக்காதீர்கள், அந்தக் கையையும் மறைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு கஷ்டமும் இல்லாவிட்டால் அவர் வெறும் சூப்பர் ஹீரோ, மாயாவி இல்லை.

படம் வந்தால் விழுப்புரத்தில் முதல் காட்சிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவேன். பிடிக்காவிட்டால் திரும்பி வரும் ரயிலில் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம். நடுவில் கரண்ட் மட்டும் போகாமல் இருக்கட்டும்.