பெட்ரோல் வாடை வீசுகிறதா?

மாலை வேளை. முன்னறையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஐந்தடி தள்ளி மெழுகுவர்த்தி எரிகிறது. பெட்ரோல் வாடை வீசுகிறது. "வண்டி நிற்கும் இடத்தில் வாடை இராதா?" என்று வீட்டார் வாளாவிருக்கின்றனர். சென்ற மாதம் எம் இல்லத்தில் நிகழ்ந்தது இதுவே. வண்டியின் அடியில் கை வைத்துப் பார்த்த பின்னரே எமக்கு நடுக்கம் பிறந்தது, தரை நனைந்திருந்தது.

பெட்ரோல் கடுங்குளிரிலும் ஆவியாகும் தன்மையது. அந்த ஆவி காற்றினும் கனமானதால் மேலெழாமல் தரையோடு தவழ்ந்து அடுப்பங்கரை வரை செல்லும். ஒரு சிறு பொறி போதும். ஆகவே வாடை வந்தவுடன் நெருப்பை அணையுங்கள், மின்விசைகளைத் தொடாதீர்கள், கதவு சன்னல்களைத் திறந்து, வண்டியை இயக்காமல் வெளியே தள்ளிச் செல்லுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் வெளியான வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. மின்பம்பு பெட்ரோலை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துகிறது, கழற்றினால் பீறிட்டடிக்கும். அவற்றை மெக்கானிக்கிடமே விடுதல் வேண்டும். பின்வருவன கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கே உரியவை.

எஞ்சின் நன்கு ஆறட்டும். பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில், எல்லாப் பாகங்களையும் துணியால் துடைத்துவிட்டு, பெட்ரோல் டேப்பைத் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் காகிதத் துண்டை ஒற்றிப் பாருங்கள். டேங்க்கும் டேப்பும் சேருமிடம் நனைந்தால் வாஷர் பழுது. கார்புரேட்டரின் அடியிலுள்ள வழிகுழாயில் சொட்டினால் உள்ளேயுள்ள மிதவையின் ஊசி சரியாக அடைக்கவில்லை. இவ்விரண்டும் மெக்கானிக்கின் வேலை. டியூபின் முனையோ நடுப்பகுதியோ நனைந்தால் நாமே சீர்செய்யலாம்.

டேப்பை மூடுங்கள். டியூபில் தேங்கியதை ஏந்த ஒரு தகரக் குவளையை வையுங்கள். குறட்டால் கிளிப்பை அழுத்தி நகர்த்தி, டியூபை மெல்லத் திருகி உருவுங்கள். வர மறுத்தால் வலிந்து இழுக்கற்க; உலோக மூக்கில் கீறல் விழாதபடி டியூபைப் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுங்கள்.

பழைய துண்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே உள்விட்டமும் நீளமும் உடைய பெட்ரோல் டியூபையே கேட்டு வாங்குங்கள். மீன்தொட்டி டியூப் விரைவில் இறுகி வெடித்துவிடும். நம் நாட்டில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை 2025-இல் எட்டப்பட்டது. பழைய ரப்பர் சில அதனைத் தாங்குவதில்லை. எனவே எத்தனாலைத் தாங்கும் வகையா என்றும் கேளுங்கள். சோப்பைத் தேய்ப்பதும் ஒட்டுநாடா சுற்றுவதும் பரிகாரமாகா.

புதிய டியூபை மூக்கின் அடிவரை செலுத்தி, கிளிப்பை மூக்கின் புடைப்புக்கு அப்பால் இருத்துங்கள். டியூப் மடியவும் கூடாது. சூடான எஞ்சினைத் தொடவும் கூடாது. டேப்பைத் திறந்து, அடியில் செய்தித்தாள் விரித்து, கால்மணி நேரம் காத்திருங்கள். தாள் உலர்ந்திருந்தால் மட்டுமே வண்டியை இயக்குங்கள். பின் மீண்டுமொருமுறை பாருங்கள். நனைந்த துணியை வெளியிலேயே உலர்த்துங்கள்.

சொற்ப விலையில் முடிந்த வேலை இது. ஆயினும், எம் வண்டி இப்போது இரவில் வெளித்திண்ணையில் சங்கிலியோடுதான் நிற்கிறது.