மப்பும் மந்தாரமும்

'மப்பு' என்றால் வகுப்பறை சிரிக்கிறது. போதை என்ற பொருள் மட்டுமே மாணவர் அறிந்தது. வானம் மூடிக்கிடப்பதைக் குறித்த பொருள் எங்கே போயிற்று?

செய்திகளில் எல்லாமே 'மேகமூட்டத்துடன் காணப்படும்'. வானிலையாளர் வானத்தை எட்டுப் பங்காக்கி, மேகம் மறைத்த பங்கை எண்ணுகிறார். அவர் பணி அது. களத்தில் நெல் காயவைத்தவருக்கோ வேறு கணக்கு. மழைக்கருக்கல் என்றால் உடனே அள்ளவேண்டும்; மந்தாரம் என்றால் பெய்யவும் பெய்யாது, காயவும் காயாது; ஊமைவெயில் என்றால் புழுக்கத்தோடு மெல்லக் காயும். ஒவ்வொரு சொல்லும் ஒரு முடிவு.

கார், எழிலி, கொண்டல், முகில் என்று மதிப்பெண்ணுக்கு ஒப்புவிக்கச் செய்யும் தமிழாசிரியர்களாகிய நாமோ, இவற்றைக் கட்டுரையில் கண்டால் 'பேச்சு வழக்கு' என்று சிவப்பு மையால் அடிக்கிறோம். பிறகு தமிழ் அழிகிறதென்று மேடையேறிப் புலம்புகிறோம். முதலில் அந்தச் சிவப்புப் பேனாவை மூடிவைப்போம்.