பூட்டுப் பட்டறையைத் திறந்து காட்டுங்கள்!

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு உலை இருக்கிறது. பெயர் கேரி உலை. உயரம் 92 அடி. ஒன்பது மாடிக் கட்டிடம் போல நிற்கும்! 1907-ம் ஆண்டு கட்டினார்கள். 1978-ல் அணைத்து விட்டார்கள்.

ஆனாலும் அங்கே கூட்டம் வருகிறது. டிக்கெட் வாங்கிக் கொண்டு வருகிறது! உருக்காலையில் வேலை பார்த்த பழைய தொழிலாளர்களே பலருக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். சில நாட்களில், அதே இடத்தில் சிறிய உலை மூட்டி, இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிக் காட்டுகிறார்கள்.

போனது போனதுதான்

நமக்கும் இரும்புத் தொழில் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில், 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1830-ஐ ஒட்டி ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை வைத்தார். கல் சேலத்துக் கல். எரிக்க மரக்கரி. அந்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. பிறகு ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களும் மறைந்து விட்டார்கள். இனி யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

திண்டுக்கல்லில் அந்த நிலை இல்லை. பூட்டு செய்யத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன.

மாங்காய் வடிவத்தில் மாங்காய்ப் பூட்டு. சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் மணிப் பூட்டு. திருடன் கை வைத்தால் வீடே விழித்துக் கொள்ளும்! உள்ளே தகடு தகடாக லீவர்கள். சரியான சாவி எல்லாவற்றையும் ஒரே வரிசைக்குத் தூக்கும். ஒரு லீவர் தப்பினாலும் பூட்டு திறக்காது. இவ்வளவையும் அரத்தால் ராவி ராவிக் கையாலேயே செய்கிறார்கள்.

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. ஆனால் குறியீடு அரம் பிடிக்குமா? அலிகார் பூட்டு மலிவாக வருகிறது. இளைஞர்கள் இந்த வேலைக்கு வரத் தயங்குகிறார்கள். கூலி போதாவிட்டால் எப்படி வருவார்கள்?

பேகம்பூரில் ஒரு நாள்

மாநகராட்சியும் பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவு சங்கமும் சேர்ந்து, பேகம்பூரில் பழைய பட்டறை போல ஒன்றை அமைக்கலாம். மலைக்கோட்டை பார்க்க வருகிறவர்கள் அப்படியே இங்கும் வருவார்கள். வயதான தொழிலாளர்கள் உட்கார்ந்து பூட்டு செய்து காட்டட்டும். பையன்களும் பெண்களும் அரத்தைப் பிடித்து ராவிப் பார்க்கட்டும். டிக்கெட் காசு தொழிலாளிக்கே போக வேண்டும். பொன்னாடை போர்த்தி அனுப்பி விடுவது கூடாது!

"வேடிக்கை காட்டினால் பூட்டு விற்குமா?" என்று கேட்பார்கள். கொஞ்சம் விற்கும். மணிப் பூட்டின் சத்தத்தைக் கேட்ட பிள்ளை அதை வாங்காமல் வீட்டுக்கு வருமா?

ஆயுத பூசைக்குப் பட்டறைகளைக் கழுவிச் சுத்தம் செய்வார்கள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோதான நாள்.